நிறம் கூறும் சாட்சியம்

மனித மூளையின் அடிப்புறத்தில், மண்டையோட்டின் தளத்திலுள்ள ஒரு சிறு குழியில், ஏறக்குறைய அரைக் கிராம் எடையுள்ள சுரப்பி ஒன்று தங்கியிருக்கிறது. குதிரைச் சேணத்தை ஒத்த வடிவுடையதாதலின் அக்குழியைத் துருக்கிச் சேணம் என்று உடற்கூற்று நூல்கள் அழைக்கின்றன. அதிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கொண்டைக்கடலை அளவே உடையது. எனினும் உடல் வளர்ச்சி, தைராய்டு, அட்ரினல் ஆகிய சுரப்பிகளின் தொழில், தாய்ப்பால் சுரப்பு, கருவளம் ஆகிய யாவும் அதன் ஆணைக்கு உட்பட்டே நடைபெறுகின்றன.

இச்சுரப்பியில் தோன்றிய கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிய பின்னர், அத்திசு நோயியல் ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பப்படுகிறது. சில நாட்களில் அறிக்கை வருகிறது. ‘பிட்யூட்டரி அடினோமா’ என்னும் இரு சொற்களோடு அவ்வறிக்கை முடிந்துவிடுவதும் உண்டு. இவ்விரு சொற்கள் நோயாளிக்குப் போதுமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய கேள்வி. போதா என்பது என் கருத்து. அதே சமயத்தில், விற்பனைக்குக் கிடைக்கும் எதிர்ப்பொருள்கள் அனைத்தையும் வாங்கித் திசுவின்மீது இட்டுவிட்டால் உண்மை தானே விளங்கிவிடும் என்று எண்ணுவதும் பிழையேயாகும். எதனைக் கேட்கிறோம், கிடைத்த விடை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை அறிந்து கேட்பதே விஞ்ஞான முறை.

பழைய சாயங்களும் அவற்றின் எல்லையும்

பிட்யூட்டரியின் முன்மடலிலுள்ள உயிரணுக்களை முற்காலத்து ஆராய்ச்சியாளர் மூன்றாகப் பகுத்தனர். அமிலச் சாயத்தை ஏற்பவை, காரச் சாயத்தை ஏற்பவை, எச்சாயத்தையும் நன்கு ஏற்காதவை என்பன அவை. இப்பகுப்பு வீணானதன்று. 1886-ஆம் ஆண்டில் பியர் மரீ விவரித்த அக்ரோமெகலி என்னும் உறுப்புப் பெருக்க நோய்க்கும் அமிலச் சாயம் ஏற்கும் கட்டிகளுக்கும் உள்ள உறவு இதனாலேயே புலப்பட்டது. 1932-ஆம் ஆண்டில் ஹார்வி குஷிங் தம் பெயரால் இன்று வழங்கும் நோயைக் காரச் சாயம் ஏற்கும் சிறு கட்டிகளோடு தொடர்புபடுத்தினார்.

ஆனால் ஒரே சாயத்தை ஏற்கும் உயிரணுக்கள் யாவும் ஒரே ஹார்மோனைச் சுரப்பவையல்ல. வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பதும் புரோலாக்டினைச் சுரப்பதும் அமிலச் சாயத்தையே ஏற்கின்றன. அட்ரினலைத் தூண்டுவதும், தைராய்டைத் தூண்டுவதும், இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுவதும் காரச் சாயத்தை ஏற்கின்றன. சாயம் ஏற்காத கட்டிகளோ ‘தொழிலற்றவை’ என்று ஒதுக்கப்பட்டன. ஒரு கட்டி நம் சாயத்தை ஏற்கவில்லை என்பதற்காக அதற்குத் தொழிலே இல்லை என்று முடிவு கட்டியது, கருவியின் குறையைப் பொருளின் குணமாகக் கொண்ட தவறு. இத்தவறு நெடுங்காலம் நீடித்தது.

எதிர்ப்பொருள் வந்த வழி

இத்தடையை நீக்கியது வேறொரு துறை. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸும் அவருடைய தோழர்களும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினர். ஆன்டிபாடி என்று வழங்கும் எதிர்ப்பொருள், தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றும் இயல்புடையது. அதன்மேல் ஓர் அடையாளத்தை ஏற்றிவிட்டால், அது எங்கே பற்றியது என்பதை நுண்ணோக்கியின் வழியே காணலாம். 1966-ஆம் ஆண்டில் நகானேயும் பியர்ஸும் ஒளிரும் சாயத்திற்குப் பதிலாகப் பெராக்ஸிடேஸ் என்னும் நொதிப்பொருளை இணைத்தனர். அந்நொதி, தான் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறப் படிவை உண்டாக்கும். ஆகவே சாதாரண நுண்ணோக்கியே போதுமானதாயிற்று. 1975-ஆம் ஆண்டில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டபின், ஓர் ஊர் ஆராய்ச்சிசாலையின் முடிவை மற்றோர் ஊரின் முடிவோடு ஒப்பிடுவது எளிதாயிற்று.

ஆசிரியர்கள் மாணவருக்கு முதலில் விளக்க வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. கண்ணாடித் தகட்டில் நாம் காணும் பழுப்பு நிறம் ஹார்மோனின் நிறமன்று. ஹார்மோனைப் பற்றிய எதிர்ப்பொருள், அதனைப் பற்றிய இரண்டாம் எதிர்ப்பொருள், அதனோடு பிணைந்த நொதி, அந்நொதி விளைவித்த படிவு என்னும் தொடரின் கடைசிக் கண்ணியே அந்நிறம். நடுவில் எக்கண்ணி பழுதானாலும் முடிவு பழுதாகும். நிறம் ஒரு சாட்சி, தீர்ப்பு வேறு.

மூன்று ஹார்மோன்களுக்கு ஒரு பொதுப் பாகம்

இனப்பெருக்கத்தை நடத்தும் பிட்யூட்டரி ஹார்மோன்கள் இரண்டு. சூலகத்தில் நுண்பைகளை வளர்ப்பதும், ஆணிடத்தில் விந்தணு உருவாக்கத்திற்குத் துணைபுரிவதும் எஃப்.எஸ்.எச். எனப்படும். முட்டை வெளிப்படுவதையும், ஆணிடத்தில் டெஸ்டாஸ்டிரோன் சுரப்பதையும் தூண்டுவது எல்.எச். எனப்படும். இவ்விரண்டும், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்பதும், கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடியில் தோன்றும் எச்.சி.ஜி. என்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு பாகங்களால் ஆனது. 92 அமினோ அமிலங்களைக் கொண்ட ஆல்ஃபா பாகம் நான்கிற்கும் பொதுவானது. பீட்டா பாகமே ஒவ்வொன்றிற்கும் தனி அடையாளம் அளிக்கிறது.

இதன் விளைவு தெளிவானது. முழு ஹார்மோனுக்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருள் பொதுப் பாகத்தைப் பற்றுமாயின், எஃப்.எஸ்.எச். என்று நாம் எண்ணியது டி.எஸ்.எச். ஆகவும் இருக்கக்கூடும். ஆகவேதான் பீட்டா பாகத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். இக்கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. புது தில்லியில் டாக்டர் ஜி. பி. தல்வாரும் அவருடைய குழுவினரும் கருத்தடைத் தடுப்பூசி ஆராய்ச்சியில் ஈடுபட்டபோது, எச்.சி.ஜி.யின் பீட்டா பாகத்தையே தேர்ந்தனர். ஏனைய ஹார்மோன்களுக்கு ஊறு நேரலாகாது என்பதே அதன் நோக்கம். அம்முடிவுகள் 1976-ஆம் ஆண்டில் வெளியாயின. தடுப்பூசியில் உடலின் பாதுகாப்பிற்காகக் கொண்ட எச்சரிக்கையை, நோய் அறிதலில் உண்மையின் பாதுகாப்பிற்காக நாம் கொள்கிறோம்.

‘தொழிலற்ற’ கட்டியின் உண்மை

பீட்டா பாகத்திற்குரிய எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. தொழிலற்றவை என்று ஒதுக்கப்பட்ட கட்டிகளுள் பெரும்பாலானவை எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றைச் சுரக்கும் உயிரணு மரபைச் சேர்ந்தவையே. அவை ஹார்மோனைச் சிறிதளவே உண்டாக்குகின்றன. உண்டாக்கியதையும் செம்மையாக வெளியிடுவதில்லை. ஆகவே நோயாளியின் உடலில் மிகைச் சுரப்பின் அடையாளம் பொதுவாகத் தோன்றுவதில்லை. கட்டி ஓசையின்றி வளர்ந்து, மேலேயுள்ள பார்வை நரம்புகளின் சந்தியை அழுத்தும்போதே நோய் வெளிப்படுகிறது. அப்பொழுது இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை குறைகிறது.

‘நல்லது, மரபு தெரிந்ததனால் நோயாளிக்கு என்ன பயன்? கட்டியைத்தான் எடுத்தாயிற்றே!’ என்று சிக்கனம் கருதும் நிர்வாகிகள் வினவுவர். இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. உண்மையைச் சொன்னால், கட்டி எஃப்.எஸ்.எச். மரபினது என்று தெரிவதனால் மட்டும் உடனடிச் சிகிச்சை பெரிதும் மாறுவதில்லை. ஆனால் அது வேறொன்றன்று என்று தெரிவதே பெரும் பயன். வெளிப்பார்வைக்கு அதே போன்று ஓசையற்றிருக்கும் கட்டிகளுள், அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். மரபைச் சேர்ந்தவையும் உண்டு. இவை மீண்டும் தோன்றும் இயல்பு மிகுந்தவை; சுற்றியுள்ள எலும்புக் குழிகளுக்குள் ஊடுருவும் தன்மையும் உடையவை. முதல் வகையினரை நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும் என்றிருக்கும்போது, இரண்டாம் வகையினரை அடிக்கடி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ‘பிட்யூட்டரி அடினோமா’ என்னும் இரு சொற்கள் இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகின்றன.

புரோலாக்டின் தரும் பாடம்

புரோலாக்டின் வரலாறு நமக்கு மற்றொரு பாடம் புகட்டுகிறது. மனித வளர்ச்சி ஹார்மோனுக்கே பால் சுரக்கச் செய்யும் ஆற்றல் உண்டு. ஆதலின், மனிதனிடம் புரோலாக்டின் என்று தனி ஹார்மோன் உண்டா என்னும் ஐயம் 1970-ஆம் ஆண்டு வரையில் நீடித்தது. அதன்பின் அது தனிப்பொருளென உறுதிப்பட்டது. 1971-இல் இரத்தத்தில் அதனை அளக்கும் கதிரியக்க எதிர்ப்பொருள் முறையும் அமைந்தது. அதுவரை சாயம் ஏற்காதவை என்று கருதப்பட்ட கட்டிகளுள் பல, புரோலாக்டினைச் சுரப்பவை எனப் புலனாயிற்று. இவற்றுள் பெரும்பாலானவை புரோமோகிரிப்டின், கேபர்கோலின் ஆகிய மருந்துகளுக்கே கட்டுப்படுகின்றன. கத்தி வேண்டாத நோய்க்குக் கத்தி வைத்தலைத் தவிர்க்க வேண்டுமாயின், திசுச் சோதனைக்கு முன்பே இரத்தச் சோதனை நடைபெற வேண்டும். திசுச் சோதனை எவ்வளவு நுட்பமாயினும், செய்யத் தவறிய இரத்தச் சோதனைக்கு அது பிராயச்சித்தம் ஆகாது.

இனி ஓர் உதாரணம் கொள்வோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. பிட்யூட்டரியில் பெரிய கட்டியொன்று காணப்படுகிறது. இரத்தத்தில் புரோலாக்டின் சற்றே உயர்ந்துள்ளது. இது புரோலாக்டின் கட்டிதானா? மூளையிலிருந்து சுரப்பியின் காம்பு வழியே இறங்கும் டோபமின் என்னும் பொருள், இயல்பாகப் புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. எந்தக் கட்டியாயினும் காம்பை அழுத்தினால் அவ்வடக்கம் தளர்ந்து, புரோலாக்டின் ஓரளவு உயரும். அப்பொழுது கட்டியை மருந்தினால் கரைக்க முயல்வது காலத்தை வீணாக்கும், பார்வையும் பறிபோகலாம். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. புரோலாக்டின் மிக மிக அதிகமாயிருந்தால், அளக்கும் எதிர்ப்பொருள்கள் திணறிக் குறைந்த எண்ணையே காட்டக்கூடும். இரத்த நீரை நீர்த்து மீண்டும் அளந்தால் உண்மை வெளிவரும். அறுவைக்குப் பின் திசுவில் புரோலாக்டின் இன்றி எஃப்.எஸ்.எச். மட்டும் காணப்பட்டால், முன்னைய உயர்வு காம்பின் அழுத்தத்தால் வந்ததே என்று துணியலாம். இரத்தமும் திசுவும் ஒன்றையொன்று திருத்தும் முறை இதுவே.

சாட்சி பொய்க்கும் இடங்கள்

எதிர்ப்பொருள் சோதனை பொய்க்கும் வழிகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, திசுவைப் பதப்படுத்தும் பிழை. பிட்யூட்டரித் துணுக்குகள் மிகச் சிறியவை. அவற்றைப் பஞ்சுத் துணியில் உலரவிடுவதும், உப்பு நீரில் நெடுநேரம் ஊறவிடுவதும் திசுவைக் கெடுக்கும். நடுநிலைப்படுத்திய 10 சதவீதப் பார்மலினில், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவில், எடுத்தவுடனே இட வேண்டும். இதற்கு ஆகும் செலவு அற்பமே. ஆயினும் விலையுயர்ந்த எதிர்ப்பொருளின் பயன் முழுவதும் இந்த ஒரு புட்டியையே நம்பியிருக்கிறது.

இரண்டாவது, கட்டியோடு ஒட்டி வந்த இயல்பான சுரப்பியைக் கட்டி என்று மயங்குதல். இயல்பான முன்மடலில் எல்லா வகை உயிரணுக்களும் கலந்து சிறு கூடுகளாக நிற்கும். அக்கூடுகளைச் சூழ்ந்த நார்ப்பின்னலை ரெட்டிகுலின் சாயம் காட்டும். கட்டியில் அப்பின்னல் சிதைந்திருக்கும். இப்பழைய, மலிவான சாயத்தைக் கைவிட்டுவிட்டு எதிர்ப்பொருளுக்குத் தாவுவது, அடித்தளமின்றி மாடி கட்டுவதாகும். சேணத்தில் வீங்கி நிற்பவை யாவும் கட்டிகளல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் காச நோயும் அவ்விடத்தில் கட்டியின் வேடம் பூண்டு வருவதுண்டு. நெடுநாள் தைராய்டுக் குறையினால் வீங்கிய சுரப்பி, தைராக்ஸின் மாத்திரையால் சுருங்குவதும் உண்டு.

மூன்றாவது, இல்லாமைச் சான்றை மிகைப்படுத்தல். இம்மரபுக் கட்டிகளில் எஃப்.எஸ்.எச். படிவு இங்கொன்றும் அங்கொன்றுமாகவே தோன்றும். சிறு துணுக்கில் அது காணப்படவில்லையெனில், கட்டி அம்மரபினது அன்று என்று முடிவு செய்யலாகாது. இக்குறையை நிரப்புவது மரபுக் காரணிகளுக்குரிய சோதனை. உயிரணு எந்த மரபில் வளர வேண்டும் என்று ஆணையிடும் மூன்று புரதங்கள் உட்கருவில் உள்ளன. எஸ்.எஃப்-1 இருப்பின் எஃப்.எஸ்.எச்., எல்.எச். மரபு; டி-பிட் இருப்பின் ஏ.சி.டி.எச். மரபு, பிட்-1 இருப்பின் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டி.எஸ்.எச். ஆகியவற்றின் மரபு. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாடு இக்காரணிகளுக்குச் சிறப்பிடம் அளித்தது. 2022-ஆம் ஆண்டின் வகைப்பாடும் அவ்வழியையே பின்பற்றுகிறது. ஹார்மோன் எதுவும் காட்டாதவை என்று முன்பு கருதப்பட்ட கட்டிகளுள் பலவற்றிற்கு இவ்வாறு மரபு கிடைத்துவிட்டது.

நான்காவது, ஒப்புச் சோதனையின்றி அறிக்கை எழுதுதல். ஒவ்வொரு முறையும், ஹார்மோன் உள்ளதென ஏற்கெனவே அறிந்த இயல்பான பிட்யூட்டரித் திசு ஒன்றும், முதல் எதிர்ப்பொருள் இடப்படாத தகடு ஒன்றும் உடன் செல்ல வேண்டும். அவையின்றி வந்த நிறம், கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்க்காத பொன்னைப் போன்றது.

செய்யத்தக்கவை

1949-ஆம் ஆண்டில் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது, நாட்டில் அத்தகைய துறை வேறு இல்லை. இன்று பிட்யூட்டரி அறுவை நாட்டின் பல பகுதிகளிலும் நடைபெறுகிறது. அறுவைக் கலை பரவிய வேகத்தில் திசு அறியும் கலை பரவவில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் எல்லா எதிர்ப்பொருள்களையும் வாங்கி, ஆண்டிற்கு ஒருசில முறை பயன்படுத்தி, காலாவதியாக விட்டுவிடுவது அறிவுடைமையன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு நிலையம் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். பாரஃபின் மெழுகில் பதித்த திசுக்கட்டைக்குப் பனிக்கட்டியோ தனி வண்டியோ வேண்டா. சாதாரண அஞ்சலிலேயே செல்லும். ஆண்டுகள் பல கழிந்த பின்பும் அது சாட்சி சொல்லும். அனுப்பும் கல்லூரி முதற் சாயங்களையும் ரெட்டிகுலினையும் செய்து அனுப்பட்டும். வட்டார நிலையம் மூன்று மரபுக் காரணிகளை முதலில் பார்த்து, அவை சுட்டும் திசையில் மட்டும் ஹார்மோன் எதிர்ப்பொருள்களை இடட்டும். எஸ்.எஃப்-1 தெளிவாயிருக்கும் கட்டியில் ஆறு ஹார்மோன்களையும் தேடுவது பொருளையும் திசுவையும் வீணாக்குவதாகும். மரபுக் காரணிகள் கிட்டாத இடத்தில், ஏ.சி.டி.எச்., புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன், எஃப்.எஸ்.எச். ஆகிய நான்கையேனும் விடாது பார்த்தல் நலம். திசு சிறிதாயின், கட்டையை மீண்டும் மீண்டும் சீவி வீணாக்காமல், தேவையான தகடுகளை ஒரே தடவையில் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

களப் பணியாளர்கள் தமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கருதலாகாது. திசுவின் கதை ஆராய்ச்சிசாலையில் முடிகிறது. ஆனால் கிராமத்து வீட்டு வாயிலில் தொடங்குகிறது. குழந்தை பெறாத நிலையிலும் மார்பில் பால் கசிதல், கருவுறாமலே மாதவிடாய் நிற்றல், ஆண்களிடம் ஆண்மைக் குறைவும் உடற்சோர்வும், மோதிரமும் செருப்பும் ஆண்டுதோறும் இறுகிவருதல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்று ஒருவர் கூறினால், அதனைக் கண்புரை என்றோ வயதின் குறை என்றோ தள்ளிவிடலாகாது. அவரை எதிரில் அமர்த்தி, ஒரு கண்ணை மூடச் செய்து, நேரே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்துக் கொண்டுவந்தால், வெளிப்பக்கப் பார்வைக் குறைவை எவரும் கண்டறியலாம். இதற்குக் கருவி வேண்டா. ஐந்து நிமிடப் பொறுமை போதும். பிள்ளைப்பேற்றின்போது மிகுந்த இரத்தப்போக்கு நேர்ந்து, பின்னர்ப் பாலும் சுரவாமல், மாதவிடாயும் திரும்பாமல் இருக்கும் தாயையும் மறந்துவிடக் கூடாது. 1937-ஆம் ஆண்டில் ஷீஹன் விவரித்த பிட்யூட்டரிச் சிதைவு அதுவாக இருக்கலாம். நோயாளி வீடு திரும்பியபின், அறிக்கையின் படியையும் திசுக்கட்டையின் எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு கூறுவதும் அவர்கள் செய்யத்தக்க உதவி. பத்தாண்டு கழித்துக் கட்டி மீண்டும் தோன்றினால், புதிய மருத்துவருக்கு அவ்வெண்ணே வழிகாட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரப்பிகளின் பாடத்தை நடத்தும்போது ஹார்மோன்களின் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்தற்க. கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருள் குறிப்பிட்ட உயிரணுவில் உள்ளதென்று எவ்வாறு நிரூபித்தனர், அந்நிரூபணம் எங்கெங்கே தவறக்கூடும், தவற்றை ஒப்புச் சோதனை எவ்வாறு காட்டிக்கொடுக்கிறது என்பதை விளக்குக. சாயம் ஏற்காதவை என்று ஒதுக்கப்பட்ட கட்டிகளின் வரலாறு ஒன்றே, விஞ்ஞானம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் முறைக்குப் போதிய உதாரணம் ஆகும். அறிக்கையின் இரு சொற்களுக்குப் பின்னால் தன் கண்ணொளியை நம்பிக் காத்திருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு நாம் தரவேண்டியது, நிறத்தைக் கண்டு பிறந்த அவசர முடிவன்று. பலமுறை சரிபார்த்த, காரணம் கூறத்தக்க விடையாகும்.